மேடைக்கடியில் மூச்சுவிட்ட அறையும் எனது மரண அறிவித்தலும்

மோர்டன்,
லண்டன்.

என் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட அன்புள்ள பிறேமினி அக்காவுக்கு, அந்தப் படத்தில் இருக்கும் தம்பி யோகராஜா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தவநாயகியும் சுகம். 'நானும்' என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு தரம் வாசிக்கவும். ஸ்காபரோவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் சாப்பாடு இல்லாமல் இருப்பதாக அத்தான் சொன்னபடியால் அப்படி எழுதக் கை வரவில்லை. நான் போன் எடுத்தபோது என் பெயரைக் கண்டு அலறி, போனைச் சோபாவுக்கு அடியில் எறிந்துவிட்டீர்களாம். மறுபடி எடுத்தபோது, "செத்த ஆக்களின்ர குரலையும் இப்பக் கம்பியூட்டர் செய்யுதாம், நான் நம்பமாட்டன்" என்று நீங்கள் பின்னால் நின்று அழுதது எனக்கே கேட்டது. வீடியோவில் வந்து முகத்தைக் காட்டினேன். முகத்தையும் கம்பியூட்டர் செய்யும் என்றீர்கள். ஆகவே பேனாவை எடுத்திருக்கிறேன். என் கிறுக்கல் எழுத்தைச் செய்யக்கூடிய கம்பியூட்டர் இன்னும் வரவில்லை. ரொறன்ரோவுக்கு வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாகப் படத்தில் இருக்கும் மாலையைக் கழற்றவும். இரண்டாவது, முப்பத்தோராம் நாள் முடியும் வரை மச்சம் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்திருக்கிறீர்களாம். அதை விட்டுவிட்டு ஒரு மீன் குழம்பு வைத்துச் சாப்பிடவும். பிறகு ஆறுதலாக இருந்து மிச்சத்தை வாசிக்கவும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஸ்ட்ரெதம் பெரிய வீதிக்குப் பின்னால் எங்கள் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருப்பதும், பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அதைப் பார்ப்பது நான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் பில்லியர்ட்ஸ் கிளப்பாக இருந்த கட்டடம். ஜன்னல்களை எல்லாம் அப்போதே கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். பட்டப்பகலிலும் லைட் போடாவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, நினைவுக்கூட்டம் எல்லாம் அங்கேதான். வாசலிலும் சாப்பாட்டு அறையிலும் மேடையின் இரண்டு பக்கங்களிலும் பெரிய திரைகள் மாட்டியிருக்கிறோம். கலியாணம் என்றால் மணமக்களின் படம், நினைவுக்கூட்டம் என்றால் காலமானவரின் படம். ஒவ்வொரு திரைக்கும் படத்தை அனுப்புவதற்குப் புத்தகம் அளவில் ஒரு சின்னப் பெட்டி உண்டு, பிளேயர் என்பார்கள். முன்பு அந்தப் பெட்டிகளைத் திரைக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தோம். சூடு பிடித்து அடிக்கடி நின்றுவிடும். ஒருமுறை ஒரு நினைவுக்கூட்டத்தில் சனம் அழுதுகொண்டிருக்க, 'மணமக்களை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்ற எழுத்து அசையாமல் நின்றுவிட்டது. காலமானவரின் மனைவி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் பெட்டிகளை எல்லாம் ஒரே இடத்தில் வைக்க முடிவு செய்தோம். எங்கள் தெருவில் இருக்கும் ஜதுர்ஷிகா, பெரிய கடைகளுக்கு இப்படியான திரைகள் பூட்டும் ஒரு கம்பனியில் இன்ஜினியர். ஒரு கையில் பர்கரும் மறு கையில் ஸ்குரூட்ரைவருமாக வந்தாள். மேடைக்குக் கீழே படிக்கட்டோடு ஒரு சிறு அறை இருக்கிறது. குனிந்துதான் போகவேண்டும். அதற்குள் ஒரு இரும்பு ராக்கை நிறுத்தி, பெட்டிகளைத் தட்டுத் தட்டாகப் பூட்டினாள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட்டாள். சூட்டை வெளியே இழுக்க மேலே விசிறிகள். பாரம் கூடிய யூ.பி.எஸ் பற்றரி அடித்தட்டில். அதில் பெட்டிகளை மட்டுமல்ல, திரைகளையும் கொழுவினாள். கரண்ட் போனால் ஜன்னல் இல்லாத மண்டபத்தில் சனம் இருட்டில் நெரிபடக்கூடாதே. அந்த நேரம் எல்லாத் திரைகளிலும் 'பதற்றப்படாமல் வெளியே செல்லவும்' என்று வரவேண்டும் என்பது ஏற்பாடு.

"அங்கிள், இந்தக் கதவில நான் போட்டிருக்கிற கம்பி வலையாலதான் காத்து உள்ள போறது. இதை மட்டும் மூடிப்போடாதேங்கோ" என்றாள்.

"நான் ஏன் பிள்ளை மூடப்போறன்?"

நான் மூடவில்லை. எங்கள் சங்கத் தலைவி சந்திரவதனா ரீச்சர் மூடினார். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சொன்னால் சங்கத்தில் மறுபேச்சு இல்லை. மணமக்கள் படமெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பி வலை தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெரிய லட்சுமி படத்தைக் கொண்டுவந்து கதவில் வடிவாக ஒட்டிவிட்டு, "இப்ப பாரும் யோகராஜா, எவ்வளவு லட்சணமாக் கிடக்கு" என்றார். அறை சும்மா கிடக்கிறது என்று சிவப்புக் கம்பளச் சுருளையும் கதிரை உறைகளையும் உள்ளே அடுக்கினார். பற்றரி பழசு, மாற்றவேண்டும் என்று ஜதுர்ஷிகா சொன்னதற்கு, "வேலை செய்யிற சாமானை ஏன் எறிவான்?" என்று கேட்டார். மகாலட்சுமி சிரித்துக்கொண்டு கதவில் நின்றாள். உள்ளே காற்று நின்றது.

அக்கா, அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை நான் தவநாயகியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் பின்னேரங்களில் மண்டபத்தில் தனியாக இருந்து தேத்தண்ணி குடிப்பேன். மேடைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். யாரோ நித்திரையில் மூச்சு விடுகிற சத்தம். நீளமாக ஒரு இழுப்பு, பிறகு ஒரு விடுப்பு. பிறகு ஒன்றுமில்லை. நான் கோப்பையை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் மறுபடி இழுக்கும். ஜதுர்ஷிகாவைக் கேட்டேன். சூடு கூடினால் விசிறி வேகமாகச் சுற்றும், சூடு இறங்கினால் அடங்கும், அதுதான் என்றாள். நல்ல விளக்கம். ஆனால் தனியாக இருக்கும்போது அந்த விளக்கம் பக்கத்தில் வந்து இருக்காது. கிழமைகள் போகப் போக அந்த மூச்சு கட்டையாகிக்கொண்டு வந்தது. காய்ச்சல்காரனுடைய மூச்சு மாதிரி. ஒருநாள் தவநாயகி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். உள்ளே கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஆரப்பா அங்க படுத்திருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. மெசின்."

"மெசின் ஏன் இருமுது?"

எனக்கும் அது இருமினது மாதிரித்தான் கேட்டது. அன்றிலிருந்து அவள் மண்டபத்துக்குள் வருவதில்லை. சாப்பாட்டுப் பெட்டியை வாசல் கைபிடியில் கொழுவிவிட்டுப் போய்விடுவாள்.

மாதங்கியின் கலியாணம் வந்தது. எங்கள் பழைய அயலவரின் மகள், உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். லண்டனில் தார் உருகுகிற வெயில். காலையில் மண்டபத்தைத் திறந்து உள்ளே போனதும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. கோலம் போட்டிருக்கிறது, மணவறை கட்டியிருக்கிறது, வாழை நிற்கிறது. என்ன குறை என்று யோசித்துக்கொண்டே நடந்து, மேடைக்கு முன்னால் வந்ததும்தான் விளங்கியது. மூச்சுச் சத்தம் இல்லை. மேடைக்கு அடியில் முழு அமைதி. நோயாளி கிடந்த அறைக்குள் திடீரென்று அமைதியானால் எப்படி இருக்கும், அப்படி. திரைகளில் மாதங்கியும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்தச் சிரிப்பு அசையாமல் ஒரே சிரிப்பாக உறைந்து நிற்பதை நான் கவனிக்கவில்லை.

சனம் நிறையத் தொடங்கியபோது ஒரு மணம் எழும்பியது. அழுகின முட்டை மணம். அக்கா, அது சைவச் சமையல் மட்டும் நடக்கிற மண்டபம். சமையல்காரர் கோபத்தில் சாம்பார்க் கரண்டியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, "மணந்து பாருங்கோ, என்ர சமையலில முட்டை கிடக்கோ?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். பெண் வீட்டார் என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையைத் தூக்கிப் பின்பக்கத்தை மணந்துவிட்டு, "இவன் இல்லை" என்று சபைக்கு அறிவித்தார். சந்திரவதனா ரீச்சர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது எங்கயிருந்து வருகுதெண்டு நான் பார்க்கிறன்" என்று மேடைப் பக்கமாகப் போனதைக் கண்டேன். பிறகு நான் அவரை மறந்துவிட்டேன். கலியாண வீட்டில் ஒரு தலைவியை மறப்பது எவ்வளவு சுகம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொதிக்கிற கோப்பிக் கெற்றிலோடு முன்வரிசைக்கு வந்துகொண்டிருந்தேன். சமையலறையில் எல்லா மின்சார அடுப்புகளையும் ஒரேயடியாகப் போட்டார்கள் போலிருக்கிறது. டப் என்று ஒரு சத்தம். எல்லா லைட்டும், பற்றரியில் கொழுவின திரைகளும்கூடப் போய்விட்டன. ஏ.சி நின்றது. மேளம் பாதி அடியில் நின்றது. கண் இருந்தும் இல்லாத இருட்டு. ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதிக்குள், மேடைக்கு அடியிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'பீப்'. ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறவரின் கட்டில் பக்கத்தில் கேட்குமே, அதே சத்தம்.

பிறகு எல்லாத் திரைகளும் ஒன்றாக ஒளிர்ந்தன.

'பதற்றப்படாமல் வெளியே செல்லவும்' என்று வரவேண்டிய இடத்தில் 'மரண அறிவித்தல்' என்று வந்தது. அதற்குக் கீழே மேடையின் இரண்டு பக்கமும் கதவளவு பெரிதாக என்னுடைய முகம். முகத்தைச் சுற்றி மல்லிகை மாலை. இரண்டு ஓரத்திலும் எரிகிற குத்துவிளக்கு. 'சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் மோர்டனை வதிவிடமாகவும் கொண்ட' என்று வழக்கம்போலத் தொடங்கி என் பெயர். படத்தில் நான் யாரோ நல்ல செய்தி சொன்ன மாதிரிக் கண் விரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பதற்றப்படாமல் வெளியே சென்றவனின் சிரிப்பு.

அந்த நீல வெளிச்சத்தில் சனத்தின் முகங்கள் எல்லாம் திரையைப் பார்த்தன. பிறகு, ஒருவர் சொல்லிக்கொடுத்த மாதிரி, எல்லா முகங்களும் மெதுவாகத் திரும்பி, கெற்றிலோடு நின்ற என்னைப் பார்த்தன. அக்கா, எனக்குச் சத்தம் போட்டு "நான் இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. அத்தனை பேர் ஒருவனை இல்லை என்று நினைத்துப் பார்க்கும்போது அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. நான் என் காலைப் பார்த்தேன். தரையில்தான் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா கையை நீட்டி என் முழங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சூடாத்தான் கிடக்கு" என்றார்.

"கெற்றில் சுட்டிருக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மணவறையில் ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது முழு மண்டபத்துக்கும் கேட்டது: "இது இப்ப செத்தவீட்டுத் துடக்கு எண்டு எடுக்கிறதோ?"

அந்த வெட்கத்தில்தான் எனக்குக் கால் அசைந்தது. எப்படியாவது அந்தத் திரைகளை நிறுத்தவேண்டும். கெற்றிலை வைத்துவிட்டு, பீப் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேடைப் படிக்கட்டுப் பக்கம் போனேன். லட்சுமி படம் ஒட்டின கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இழுத்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது. அந்த மணம் தொண்டைக்குள் போய்க் கடித்தது. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் மட்டும் விட்டு விட்டு எரிந்தது. எரிந்தபோது கம்பளச் சுருளைக் கண்டேன். அணைந்தது. மறுபடி எரிந்தபோது கம்பளச் சுருளுக்கு மேலே ஒரு கை கிடந்தது. காப்புப் போட்ட கை.

நான் அலறியதைக் கேட்டு ஜதுர்ஷிகா ஓடி வந்தாள். கலியாணத்துக்கு வந்தவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். சந்திரவதனா ரீச்சர் கண் மூடிக் கிடந்தார்.

"அங்கிள், மூச்சை இழுக்காதேங்கோ! பற்றரி சூட்டில ஊதி வெடிச்சிருக்கு, அது நஞ்சுக் காத்து. இழுங்கோ, கெதியா!"

"ரீச்சரைத் தூக்க ஏலாது பிள்ளை."

"கம்பளத்தோட இழுங்கோ!"

வாயைச் சால்வையால் கட்டிக்கொண்டு, கம்பளத்தின் நுனியைப் பிடித்து இருவரும் இழுத்தோம். கம்பளம் விரிந்துகொண்டே வந்தது. அதன்மேல் ரீச்சரும் வந்தார். மேடைப் பக்கத்தால் நாங்கள் மண்டபத்துக்குள் வெளிப்பட்டதை நீங்கள் சனத்தின் கண்ணால் பார்க்கவேண்டும். கரண்ட் இல்லை. திரையில் மாலையோடு நான். திரைக்குக் கீழே முகத்தைக் கட்டிக்கொண்டு நான். கையில் சிவப்புக் கம்பளம், அதன்மேல் அசையாத ஒரு உடம்பு.

"ஐயோ, செத்தவன் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போறான்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

'பதற்றப்படாமல் வெளியே செல்லவும்' என்று எழுதிக் காட்டியிருந்தால் இவ்வளவு விரைவாக வெளியேறியிருக்கமாட்டார்கள். கண் மூடித் திறக்கிறதுக்குள் மண்டபம் காலி. அந்த நஞ்சுக் காற்று வேறு ஒருவரையும் தொடவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பீப் சத்தம் நீளமாக ஒருதரம் இழுத்து நின்றது. வெறும் மண்டபத்தில் கதிரைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் முகங்களும் அணைந்தன.

அம்புலன்ஸ் வந்தது. தீயணைப்புக்காரர் வந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் கார் தரிப்பிடத்தில் நின்று என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மாதங்கி, கூறைச் சேலையோடு ஒரு காரில் சாய்ந்து நின்றவள், சொன்னாள்: "யோகன் அங்கிள் உயிரோட நிக்கிறார்தானே ஐயா. பிறகென்ன துடக்கு? தாலியைக் குடுங்கோ." ஐயர் யோசித்தார். "ஓம் பிள்ளை, துடக்கில்லைத்தான். ஆனா அவர் கொஞ்சம் தள்ளி நிண்டா நல்லம்" என்றார். நான் தள்ளிப் போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அங்கிருந்துதான் தாலி கட்டுவதைப் பார்த்தேன். கெட்டிமேளம் கேட்டு ஒரு பஸ் நின்றது, சாரதி கையசைத்தார். நான் என்னை அறியாமல் அழுதேன். எதற்காக அழுதேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ரீச்சர் பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம். பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு கிடந்தவர் என் கையைப் பிடித்தார். அந்த மனிசி ஒருவரின் கையைப் பிடித்து நான் கண்டதில்லை. "யோகராஜா, நீர் செத்தபடியாலதான் நான் பிழைச்சன்" என்றார். அது நன்றியா, தீர்ப்பா என்று விளங்காமல் தோடம்பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

கலியாணத்தன்றே யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் திரையைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தீயணைப்புக்காரர் போனபிறகு நான் மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருக்க, வீட்டில் தவநாயகிக்குப் போன் மேல் போன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அண்ணை போயிட்டாராம் எண்டு கேள்விப்பட்டம். எப்ப போனவர்?"

"காலமைதான்."

"ஐயோ. எப்பிடிப் போனவர்?"

"எப்பவும் போறமாதிரி பஸ்ஸிலதான்."

"பஸ்ஸில வைச்சோ! நீங்கள் பக்கத்தில இல்லையோ அக்கா?"

"நான் ஏன்? எனக்கு அந்த இடத்துக்குப் போகப் பயம். அவர் தனியாப் போய்ப் பழகினவர்."

இந்தச் சம்பாஷணை உங்கள் வரைக்கும் எந்த வடிவத்தில் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நாலைந்து சோடி செருப்பு. உள்ளே போனதும் ஒரு பெண் மயங்கி விழுந்தார். இன்னொருவர் கொண்டுவந்த இடியப்பத்தைத் தருவதா திரும்பக் கொண்டுபோவதா என்று தவித்தார். தவநாயகி மட்டும், எல்லாரும் போன பிறகு, குசினிக் கதவைச் சாத்திவிட்டு என் நெஞ்சில் காதை வைத்துக் கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "என்ன கேக்குது?" என்றேன். "மூச்சு" என்றாள். அன்றிலிருந்து மோர்டன் கடைக்குப் போனால் சனம் எனக்கு வரிசையில் இடம் விடுகிறது. மரியாதை அல்ல. கிட்ட நிற்கப் பயம். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். பெயர், நட்சத்திரம் சொன்னதும் குருக்கள் தட்டை வாங்காமல், "ஆத்ம சாந்திக்கோ?" என்று கேட்டார். அவருக்கும் வாட்ஸ்அப் இருக்கிறது.

ஜதுர்ஷிகா அன்றே காரணம் சொல்லிவிட்டாள். சூடு மிஞ்சினால் பெட்டிக்குத் தலை சுற்றும். நின்று, திரும்ப எழும்பும்போது எதைக் காட்டுவது என்று மறந்து, உள்ளே கிடப்பதைக் கலந்து காட்டும். நிர்வாக சபைப் படத்திலிருந்து என் முகத்தையும் நினைவுக்கூட்டத்துக்கு வைத்திருந்த மாலையையும் அது ஒன்றாக்கிவிட்டது. "பேயும் இல்லை, ஒண்டும் இல்லை அங்கிள். ஹீட்" என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது அந்த அறையைப் பூட்டிவிட்டோம். ராக்கைக் காற்றோட்டமுள்ள காரியாலய அறைச் சுவரில் பூட்டி, புதுப் பெட்டிகள், புது விசிறி, புதுப் பற்றரி. சூடு கூடினால் போனுக்குச் செய்தி வரும். லட்சுமி படத்தை ரீச்சரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. மண்டபத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. நான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிறேன்.

ஆகவே அக்கா, செத்த வீட்டுக்கு என்று நீங்கள் அவதிப்பட்டு வரவேண்டாம். முழங்கால் வருத்தத்தோடு அவ்வளவு தூரம் பிளேனில் இருக்கவேண்டாம். வருகிற வருடம் ஆறுதலாக, கோடை பார்த்து வந்தால் போதும். நான் இங்கேதான் இருப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு இந்த மாமாவின் உயிருள்ள முத்தங்களையும் சொல்லவும். வழக்கமாக என்னை 'நூறு வயசுக்கு இரு' என்று ஆசீர்வதிப்பீர்கள். இந்தமுறை எண் ஒன்றும் குறிப்பிடாமல், பொதுவாக 'இரு' என்று ஆசீர்வதித்தால் போதும்.

இப்படிக்கு,
இருக்கிற தம்பி,
யோகராஜா.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் ஜதுர்ஷிகா வந்தாள். பழைய பெட்டிகளைக் கம்பனிக்குக் கொண்டுபோய்க் கிளறிப் பார்த்தாளாம். வழக்கமாகக் குசினி வரை வருகிற பிள்ளை வாசலிலேயே நின்றாள். "அங்கிள், நான் சொன்னது பிழை. சபைப் படத்தில நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள். ஸ்கிரீனில வந்த படம் ஒரு பெட்டியிலயும் இல்லை. பெட்டியள் காலமையே சூட்டில செத்துப்போச்சு, கடைசியாப் போன படம்தான் ஸ்கிரீனில உறைஞ்சு நிண்டது. கரண்ட் போன நேரம் படம் அனுப்ப அங்க ஒண்டுமே ஓடேல்லை" என்றாள். பிறகு தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்று கோப்பி ஆவியில் என் மூக்குக்கண்ணாடி புகைபிடித்திருந்தபடியால் கீழே இருந்த சின்ன எழுத்தை நான் வாசிக்கவில்லை. இப்போதுதான் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தோற்றம் என்று ஒரு திகதி போட்டிருக்கிறது. பாஸ்போட்டில் இருக்கிற திகதி அல்ல, அக்கா. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா மாற்றி எழுதுவித்தாரே, அதற்கு முந்திய, நான் உண்மையாகப் பிறந்த திகதி. அது தவநாயகிக்குக்கூடத் தெரியாது. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். பக்கத்தில் மறைவு என்றும் ஒரு திகதி இருக்கிறது. ஆனால் படத்தில் முன்னால் நின்ற ஒரு அம்மாவின் கொண்டை அதை மறைக்கிறது.

ஆகையால் மேலே வரவேண்டாம் என்று எழுதியதை வெட்டிவிட்டு வாசிக்கவும். உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பியவர் யார் என்று பிடித்து, அந்த அம்மா தலையைத் திருப்பின பிறகு எடுத்த படம் வேறு ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்கவும். இருந்தால் எனக்கு அனுப்பவேண்டாம். நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி டிக்கெட்டைப் போடுங்கள்.